சாந்தாமணியிடம் நிறம் கேட்பவர்கள்

ஜனவரி 3, வெள்ளி

சாயமருந்து விற்கிற கம்பெனிக்காரர்கள் வருடாவருடம் கொடுக்கும் டைரி இன்றுதான் கைக்கு வந்தது. எப்போதும் முதல் தேதியே வந்துவிடும். இந்த வருடம் தாமதம், தரமும் மட்டம். கோடுகளை யாராவது இவ்வளவு மங்கலாக அச்சடிப்பார்களா? வரி மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று எழுதுகிற எனக்கே தெரியவில்லை. நாளைக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா வாங்க வேண்டும்.

மகள் நிவேதா நேற்று பெங்களூருக்குக் கிளம்பிப் போனாள். தன் பழைய ஃபோனை அம்மா சாந்தாமணிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இங்கே இருந்த நாளெல்லாம் அம்மாவும் மகளும் சோபாவில் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதிலேயே கிடந்தார்கள். பஸ் எங்கே வருகிறது என்று காட்டுவது ஒன்று, கரண்ட் போனால் புகார் சொல்வது ஒன்று, பேப்பரை வாசித்துக் காட்டுவது ஒன்று, பொடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது ஒன்று. பாதி இலவசமாம், மீதி டீக்காசுக்கு வருமாம். எனக்கும் போட்டுத் தரட்டுமா என்று நிவேதா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. திருப்பூரில் சாயப்பட்டறையில் முப்பது வருடமாக நிறம் பார்க்கிறவன் நான். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற மாதிரித் துண்டும், எங்கள் பட்டறையில் சாயம் ஏறி வருகிற துணியும் ஒரே நிறம்தானா என்று பார்த்து நான் சரி என்றால்தான் அந்தத் துணி லாட் வெளியே போகும். இந்த நாச்சிமுத்துவின் கண்ணுக்குப் பூதக்கண்ணாடியா?

ஜனவரி 6, திங்கள்

அரிசிம்பருப்பு சாதத்தில் உப்பே இல்லை. சாந்தாமணியைக் கேட்டால் மறந்துவிட்டாளாம். மறக்காமல் என்ன செய்வாள், அடுப்பில் வேலையாக இருக்கும்போது ஃபோன் அடிக்கிறது, கரண்டியோடு ஓடுகிறாள்.

விஷயம் இதுதான். ‘துணைக்கண்’ என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறதாம். கண் தெரியாதவர்கள் தங்கள் ஃபோனில் அதை அழுத்தினால், உதவி செய்யப் பெயர் கொடுத்தவர்களில் யாருக்காவது மணி அடிக்கும். எடுக்கிறவர் திரையில் பார்த்து, அவர்கள் கையில் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். நிவேதா அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டாள். எட்டாவது படித்தவளைச் சேர்த்துக்கொள்வார்களா என்று சாந்தாமணி பயந்தாளாம். கண் தெரிந்தால் போதும் என்று நிவேதா சொன்னாளாம்.

இன்றைக்குச் சேலத்தில் ஒரு அம்மாள் இரண்டு பாட்டில்களைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். எது தேங்காய் எண்ணெய், எது பினாயில்? “பொறுங்கம்மா, கொஞ்சம் மேல தூக்குங்க, ஆ, இப்ப நல்லாத் தெரியுதுங்க, பதறாதீங்க” என்று சாந்தாமணி சொன்னது கூடம் வரைக்கும் கேட்டது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நிச்சயம் ஆன புதிதில் இந்தக் குரலில்தான் என்னிடம் பேசினாள். அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று நானும் தேடவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது பார்த்தால் பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறாள், ஊரான்களுக்குக் கொடுப்பதற்கு.

ஜனவரி 9, வியாழன்

தென்காசியிலிருந்து ஒருத்தன். பெயர் சங்கரலிங்கம். ஒரு பாங்கில் ஃபோன் எடுத்து லைன் மாற்றிக் கொடுக்கிற வேலையாம். பிறவியிலேயே பார்வை இல்லை, தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வேலைக்குக் கிளம்புமுன் சட்டையும் பேண்டும் பொருந்துகிறதா என்று கேட்கிறான். தமிழில் பேசுகிறவர்கள் அந்தச் சேவையில் கொஞ்சம் பேர்தானாம், அதனால் சுற்றிச் சுற்றி இவளுக்கே மணி அடிக்கிறது. இந்த வாரத்தில் இது மூன்றாம் தடவை.

இன்றைக்கு அவள் சொன்ன நிறத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. “பச்சைச் சட்டைங்க.” பச்சை என்று ஒரு நிறம் உலகத்திலேயே கிடையாது. பாசிப்பச்சை, கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, வேப்பிலைப் பச்சை என்று என் மேஜையில் மட்டும் பெட்டி பெட்டியாக இருக்கிறது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் போய் நிறம் கேட்கிறார்கள்.

அதோடு விட்டாளா? “உங்களுக்கு நல்லா இருக்குதுங்க” என்று வேறு சொன்னாள்.

என் சட்டையைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கல்யாண ஆல்பத்தில் நான் போட்டிருக்கிற பட்டுச் சட்டையைப் பார்த்துக்கூடச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிகிறது என்று இங்கே எழுதிவைக்கிறேன், வேறு எங்கே எழுத?

ஜனவரி 10, வெள்ளி

கிளம்பும்போது அவள் முன்னால் நின்று சட்டையை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொண்டேன். “காலர்ல அழுக்கு போகலீங்க” என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

நல்ல நாள் பெரிய நாள் என்று இல்லையா இந்த ஃபோனுக்கு? பால் பொங்கி வருகிற நேரத்தில் அடித்தது. யாரோ மதுரைக்காரருக்கு வெல்லப் பாக்கெட் எது, புளிப் பாக்கெட் எது என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுப் பொங்கலை நான் ஒருவனாக நின்று கிண்டினேன்.

புதுப்புடவை கட்டியிருந்தாள். நல்ல நாளில் கோபம் வேண்டாம் என்று நானாகவே பேச்சை ஆரம்பித்தேன். “மறுபடியும் பச்சையே எடுத்துட்டியா புள்ள?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, “நீலமுங்க இது. நீங்கதானுங்க கடையில எடுத்துக் குடுத்தீங்க” என்றாள். சமையலறையில் வெளிச்சம் போதாது, அந்தக் குழல் விளக்கை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளே ஸ்டூல் போட்டு விளக்கைத் துடைத்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசுகிற பேச்சையெல்லாம் அங்கே செலவழித்துவிட்டால் இங்கே என்ன மிச்சமிருக்கும்?

ஜனவரி 19, ஞாயிறு

பேப்பர்க்காரனை மாற்ற வேண்டும். அச்சு சகிக்கவில்லை. தலைப்பைத் தவிர ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

காலையில் சர்க்கரை மாத்திரை எடுக்கப் போனேன். இரண்டு அட்டைகள் ஒரே அளவில் இருந்தன. ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று பிரஷருக்கு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாத்திரைக் கம்பெனிக்காரர்கள் வெள்ளி மேல் வெள்ளியாகவே எழுதுகிறார்கள், அவர்களுக்கு அறிவு கிடையாது.

அதே நேரத்தில் கூடத்தில் சாந்தாமணி யாரோ ஒரு பெண்ணுக்கு மாத்திரை அட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். “ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேனுங்க, நீங்க அவசரப்படாதீங்க. இது போன வருசமே காலாவதி ஆயிடுச்சுங்க, போடாதீங்க.” எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள், ஆனால் என்ன பொறுமை. நானும் இந்த வீட்டில்தான் கையில் மாத்திரை அட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

கேட்டிருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். எதற்குக் கேட்க வேண்டும்? கட்டின புருஷன் என்ன, மணி அடித்துக் கூப்பிட வேண்டுமா?

கடைசியில் இரண்டு அட்டையிலிருந்தும் ஒவ்வொன்று போட்டுக்கொண்டேன். எப்படியும் ஒன்று காலை மாத்திரை, ஒன்று மாலை மாத்திரை. பகல் முழுக்கத் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

ஜனவரி 23, வியாழன்

பைக்கை இந்த மாதம் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் எதிரே வருகிறவன் எவனும் விளக்கைத் தாழ்த்துவதில்லை, ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம் வேறு போட்டுக்கொண்டு வருகிறார்கள். பஸ்ஸில் போவது உடம்புக்கும் நல்லது.

பட்டறையில் மேனேஜர் ரங்கராஜ் என்னைப் பாராட்டினார். நிறத்தை எண்ணாக அளந்து சொல்கிற கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன் வாங்கி வைத்தார்கள். அது வந்த நாளிலிருந்து நான் அதை டப்பா என்றுதான் சொல்வேன். இப்போது நான் சொல்வதும் மெஷின் சொல்வதும் துளிகூட மாறுவதில்லை என்று மேனேஜருக்கு ஆச்சரியம். நான் சும்மா சிரித்துவைத்தேன். எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகு நான் அதில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்பதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? அனுபவசாலி மெஷினையும் அனுசரித்துப் போவான்.

நிறம் பார்க்கத் தெரியாதவனுக்குப் பட்டறையில் என்ன வேலை இருக்கிறது? மூட்டை தூக்குகிற வயதா எனக்கு? சும்மா எழுதுகிறேன், அப்படியொன்றும் இல்லை.

ஜனவரி 25, சனி

இன்று நான் யார் என்று காட்டிவிட்டேன்.

அந்தச் சங்கரலிங்கத்துக்கு நாளைக்குப் பெண் பார்க்கிறார்கள். கடையநல்லூர் பக்கம் பெண். இவன் தென்காசியிலிருந்து நேரே பஸ்ஸில் போய் இறங்க, சித்தப்பா அங்கே வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. சாந்தாமணிக்கு இதெல்லாம் அத்துப்படி, தன் நம்பரையே அவனுக்குக் கொடுத்துவைத்திருக்கிறாள். பெண் டெய்லரிங் டீச்சர் என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறாள். போன வாரம்வரை ‘சொல்லுங்க’ என்றிருந்தவள் இப்போது ‘கண்ணு’ என்று கூப்பிடுகிறாள். நிவேதாவை அப்படிக் கூப்பிடுவாள்.

புதுச்சட்டை ஒன்றைத் திரைக்கு முன்னால் காட்டி, “இது நேவி புளூன்னு கடைக்காரரு சொல்லித்தான்க்கா வாங்கினேன். கூட வேல பாக்குதவரு ஒருத்தரு கருப்பு மாதிரி இருக்குங்காரு. நீங்க பாத்துச் சொல்லுதியளா?” என்று கேட்டான். அவள் ஃபோனை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கருப்புதான் கண்ணு, நல்ல காரியத்துக்கு வேண்டாம்” என்றாள்.

நான் எழுந்து போனேன். ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கி ஒரு பார்வை பார்த்தேன். “தம்பி, நான் அவங்க வீட்டுக்காரருங்க. முப்பது வருசமா எனக்கு இதுதான் தொழில். அது கருநீலம். தைரியமாப் போட்டுட்டுப் போங்க” என்றேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்படி ஒரு ஆள் வீட்டிலேயே இருக்கிறார் என்று அக்கா சொல்லவே இல்லையே என்று கேட்டான். சாந்தாமணி தயங்கினாள். என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கடைசியில் அவனிடம், “அவரு சொன்னா சரியா இருக்கும் கண்ணு” என்றாள்.

இவ்வளவு நாளில் முதல் தடவையாக ராத்திரிச் சாப்பாடு ருசித்தது.

ஜனவரி 27, திங்கள்

கருப்பாம்.

காலையில் சங்கரலிங்கம் பேசினான். சாந்தாமணி ஃபோனைச் சத்தமாக வைத்திருந்தாள். வேண்டுமென்றே வைத்தாளா என்று தெரியாது. பெண் வீட்டு வாசலில் சித்தப்பா பார்த்ததுமே, என்னலே இது, துட்டி வீட்டுக்கா, எழவுக்கா வந்திருக்க என்று கேட்டிருக்கிறார். மாற்றுச் சட்டை இல்லை. அப்படியே உள்ளே போயிருக்கிறார்கள். காபி கொடுத்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வெளியே வரும்போது பெண்ணின் அத்தை யாரிடமோ சொன்னது இவன் காதில் விழுந்திருக்கிறது.

“கண்ணு தெரியலன்னாக்கூடப் பரவால்ல, இன்னதுதான் போட்டிருக்கன்னு சொல்லுததுக்குக்கூட ஒரு ஆளு இல்லியேன்னு சொன்னாங்கக்கா.” அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கப் பார்த்தான். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருக்கலாம்.

ஃபோனில் தெரிகிற நிறத்தை எவனும் நம்பக் கூடாது என்று சாந்தாமணியிடம் விளக்கினேன். கேமரா நீலத்தைக் கருப்பாகக் காட்டும், கருப்பை நீலமாகக் காட்டும். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். “எனக்குக் கருப்பாத்தானுங்க தெரிஞ்சது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று ஃபோன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை, இதைத்தானே கேட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இப்போது மறுபடியும் அடிக்கிறது. ஆனால் சங்கரலிங்கம் இல்லை. அவள் ஒவ்வொரு தடவையும் அவன் பெயரை எதிர்பார்த்து எடுப்பது எனக்குத் தெரிகிறது. பேசும்போது ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். இரண்டு நாளாக அலமாரியிலிருந்து என் சட்டை பேண்டை அவளே எடுத்து நாற்காலியில் வைக்கிறாள். குற்றவாளிக்குச் செய்கிற உபசாரம் மாதிரி இருக்கிறது.

மாடியில் என்ன பேசுகிறாள்? எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் குழைகிறாளா, அல்லது ஆளுக்கு ஆள் வேறா? இது தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு வழி தோன்றியது. நானும் அந்தச் சேவைக்குள் போய், கண் தெரியாதவன் மாதிரி மணி அடித்தால், ஒரு நாள் அவள் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

பஸ் ஸ்டாப் பக்கம் உள்ள ஃபோன் ரிப்பேர் கடையில் என் ஃபோனைக் கொடுத்தேன். தெரிந்த பெரியவர் ஒருவருக்கு வேண்டும் என்று சொன்னேன். உதவி செய்ய வேண்டுமா, உதவி வேண்டுமா என்று அதில் இரண்டு பட்டன்கள் இருக்கிறதாம். எதை அழுத்தட்டும் என்று கடைக்காரர் கேட்டார். இரண்டாவதை என்றேன். பட்டனைப் பெரிதாக்கித் தரட்டுமா என்றும் கேட்டார். பெரியவருக்கு வசதியாக இருக்கும் என்று சரி சொன்னேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மூன்று தடவை அடித்தாயிற்று. அவள் மாட்டவில்லை.

முதலில் மதுரையில் ஒரு காலேஜ் பெண். என்ன வேண்டும் என்று கேட்டாள். எதையாவது கேட்க வேண்டுமே என்று பையிலிருந்த மாத்திரை அட்டைகளைக் காட்டினேன். எது சர்க்கரைக்கு, எது பிரஷருக்கு என்று சொல்லிவிட்டு, சர்க்கரை மாத்திரை அட்டையின் மூலையை மடித்துவைத்துக்கொள்ளுங்கள், தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றாள். அடுத்தது சென்னையில் ரிட்டயர்டு ஆன ஒருவர். அவரிடம் பஸ்ஸின் போர்டைக் காட்டினேன். என் பஸ் அது இல்லை. மூன்றாவது யாரென்று நினைவில்லை, பேப்பரில் வேட்டி விளம்பரத்தை வாசித்துக் காட்டினார்.

எல்லாம் சோதனைக்காகத்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரும் ஏன் தெரியவில்லை என்று கேட்பதில்லை, எவ்வளவு நாளாக என்று கேட்பதில்லை. கேட்டதைச் சொல்கிறார்கள், வைத்துவிடுகிறார்கள். அட்டையின் மூலையை மடித்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

மெஷின் நேற்றிலிருந்து ரிப்பேர். சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும். அதற்குள் டீ ஷர்ட் ஆர்டர் ஒன்று அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. உடம்புத் துணி கருப்பு. காலருக்கு வைக்கிற ரிப் துணி தனியாகச் சாயம் ஏறி வந்திருந்தது. இரண்டும் ஒரே கருப்புதான் என்று நான் சொன்னால் வெட்டுவதற்கு அனுப்பிவிடுவார்கள். வெட்டிவிட்டால் அவ்வளவுதான், திரும்பி வாங்க முடியாது. ரங்கராஜ் என் தோளைத் தட்டி, “நீங்க இருக்கறப்ப மெஷின் எதுக்குங்ண்ணா” என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே போய் ஃபோன் பேச ஆரம்பித்தார்.

நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டியில் இரண்டையும் வைத்தேன். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. எனக்கு இப்போது எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. இதை இதுவரை எழுதவில்லை, இன்று எழுதிவிட்டேன். அந்தப் பையனின் சட்டையும் எனக்கு நீலமாகத் தெரியவில்லை, கருப்பாகவும் தெரியவில்லை. அவள் கருப்பு என்றாள், அதனால் நான் நீலம் என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு ஃபோனை விளக்குப் பெட்டியில் சாய்த்துவைத்து, அந்தப் பெரிய பட்டனை அழுத்தினேன். இரண்டு கையிலும் இரண்டு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதுரைப் பெண் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

“வணக்கமுங்க, சொல்லுங்க.”

சாந்தாமணி. இவ்வளவு நாள் இதற்காகத்தானே காத்திருந்தேன்? இப்போது வைத்துவிடத்தான் கை பரபரத்தது. கையில் துணி, கதவுக்கு வெளியே மேனேஜர். தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு மேடைப்பேச்சு மாதிரி ஆரம்பித்தேன். “வணக்கம் மேடம். என் கைகளில் இரண்டு துணிகள் உள்ளன. இவை இரண்டும் ஒரே நிறம்தானா என்று தயவுசெய்து கூறவும்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க சார்” என்றாள் கடைசியில். “அப்படியே, லைட்டுக்குக் கீழ. பதறாதீங்க. கையப் பொட்டி மேல ஊனிக்கங்க.”

ஊன்றிக்கொண்டேன்.

“வலது கையில இருக்கறது கருப்புங்க சார். இடது கையில இருக்கறது கருப்பில்லீங்க. கருநீலம். ரெண்டும் சேராதுங்க.”

“நிச்சயமாகவா மேடம்?”

“நிச்சயமுங்க. வேணும்னா இன்னொருக்காக் காட்டுங்க, எத்தனை நேரமானாலும் பாத்துச் சொல்றேன்.”

போதும், நன்றி என்றேன். வைக்கப் போகும்போது அவள் குரல் மறுபடியும் வந்தது.

“நீங்க கேக்கலீன்னாலும் சொல்றேனுங்க சார். நீங்க போட்டிருக்கறது சந்தனக் கலர்ச் சட்டை. உங்களுக்கு நல்லா இருக்குதுங்க.”

வெள்ளை என்று நினைத்துத்தான் காலையில் அதைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

லாட்டை நிறுத்தச் சொன்னேன். ரிப் துணியை ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்த ரங்கராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரிய நஷ்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டீர்கள், உங்கள் கண்ணுக்குக் கோவில் கட்டலாம் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தேன். காபி கொடுத்தாள். டம்ளரை என் கைக்குள் வைத்து, பிடித்துவிட்டேனா என்று பார்த்தபிறகுதான் விட்டாள். எப்போதிருந்து இப்படிச் செய்கிறாள் என்று யோசித்தேன். இன்றைக்குத் தொடங்கியதில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் ‘சார்’ மட்டும் காதிலேயே இருக்கிறது. அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு பொறுமையாக. அந்த ஆள்மேல்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு, பையில் என் பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, “கெளம்புங்க” என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் என்னை உட்காரவைத்தாள்.

கண்ணாஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இருப்பதால் சீக்கிரமே வந்து முற்றிவிட்டதாம். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன், அதற்குப் பிறகுதான் எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். நீலமும் கருப்பும் குழம்புமா என்று சாந்தாமணி கேட்டாள். நிச்சயம் குழம்பும், வெள்ளையும் சந்தனமும்கூடக் குழம்பும், இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார் என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ரங்கராஜுக்குப் பேசிச் சொல்லிவிட்டேன். நேற்றுத் துணியைப் பார்த்தது நானில்லை என்பதையும் சொன்னேன். “மொதல்ல கண்ணப் பாருங்கண்ணா, மத்ததத் திரும்பி வந்ததும் பேசிக்கலாம்” என்றார். அதற்கு என்ன அர்த்தமோ.

பிப்ரவரி 16, ஞாயிறு

சங்கரலிங்கம் பேசினான்.

அந்தப் பெண்ணே பாங்குக்கு ஃபோன் போட்டு இவனைக் கேட்டாளாம். எடுத்ததே இவன்தான். இத்தனை துணி தைக்கிறவளுக்குக் காரணம் கேட்காமல் இருக்க முடியவில்லையாம், எந்தப் புண்ணியவான் உங்களுக்குக் கருப்புச் சட்டை எடுத்துக் கொடுத்தது என்று கேட்டாளாம். திருப்பூரில் பெரிய நிபுணர் ஒருவர் என்று இவன் சொல்ல, அவள் சிரித்த சிரிப்பில் பாங்க் மேனேஜர் எட்டிப் பார்த்தாராம். புதன்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“எத்தன தடவ உங்களக் கூப்பிடணும்னு நெனச்சேன்க்கா, மொகம் குடுத்துப் பேசக் கூச்சமா இருந்திச்சு” என்றான். கூச்சப்பட வேண்டிய நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமைக்கு ஒரு சட்டையைக் காட்டி, சாரையே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றான். விஷமமில்லை, அவன் சுபாவம் அப்படி. சாந்தாமணி ஃபோனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். திரையில் ஏதோ ஒரு வெளிறிய நிறம் தெரிந்தது. என்னவென்று அவளைக் கேட்காமல் ஒன்றைச் சொல்லிவிட வாயெடுத்தேன், பழக்கம்.

“தம்பி, எனக்கு நெறம் தெரியறதில்லீங்க” என்றேன். “கண்ணுல புரை. அன்னைக்கே தெரியல. தெரியாமத்தான் சொன்னேன். மன்னிச்சுக்கங்க. அக்காவையே கேளுங்க.”

“அப்பம் உங்களுக்கு யாரு சார் பாத்துச் சொல்லுவா?” என்று கேட்டான். அவனுக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது.

“எனக்கு வீட்டுலயே ஆளிருக்குதுங்க” என்றேன்.

சாந்தாமணி ஃபோனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். “ரோஸ் கலர் கண்ணு. இதையே போட்டுக்க. நல்லா இருக்குது, ரொம்ப நல்லா இருக்குது” என்றாள்.

எனக்குச் சொன்னபோது ‘ரொம்ப’ இல்லை. வயிறு எரியத்தான் செய்தது. நாளைக் காலையில் அந்த ஃபோன் அடிப்பதற்கு முன்னால், என் சட்டை என்ன நிறம் என்று நான் அவளைக் கேட்டுவிட வேண்டும்.